மாடி எடுக்காத வீடு

எங்கள் தெருவுக்குள் நுழைந்து மொட்டை வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். இரண்டு பக்கமும் மூன்று மாடி எழும்பி நிற்க, நடுவில் பல் விழுந்த இடம் மாதிரி ஒற்றைத் தளத்தோடு இருப்பது எங்கள் வீடு. மாதத்துக்கு ஒருவராவது கேட்டைத் தட்டுகிறார். மேலே எழுப்பலாமே, லோன் நாங்களே வாங்கித் தருகிறோம் என்கிறார். இன்னொருவர் இடத்தைக் கொடுத்தால் இரண்டு ஃப்ளாட் தருகிறேன் என்கிறார். நான் ஐந்தாவதோடு நின்றவன், நாலு பேருக்கு முன்னால் பேச்சு வராது. ஆனால் வேண்டாம் என்ற ஒரு சொல்லை மட்டும் தடுமாறாமல் சொல்வேன். அந்தச் சொல்லை என் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சொன்னார். வாயால் சொன்னது கொஞ்சம்தான், மீதியை இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடால் சொன்னார்.

அப்போது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குத் தாம்பரம் ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கத்தில் இருந்த சைக்கிள் ஸ்டாண்டில் வேலை. ஸ்டாண்டு வேறொருவருடையது. அப்பா சம்பளத்துக்கு நின்றார். காலையில் எலக்ட்ரிக் ரயிலைப் பிடிக்க ஓடி வருகிறவர்கள் சைக்கிளை அவர் மேலேயே சாய்த்துவிட்டு ஓடுவார்கள். அவர் அதை வரிசையில் சொருகி, சாயங்காலம் அவர்கள் எடுக்க வரும்போது முகத்தைப் பார்த்தே வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். அம்மா சானடோரியம் பக்கத்தில் வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் இருந்தாள். அங்கே அவளுக்குக் காலர் மட்டும்தான். வருஷக்கணக்காகக் காலர் தைத்தாளே தவிர, ஒரு முழுச் சட்டையைத் தைத்துப் பார்க்கும் வாய்ப்பு அவளுக்குக் கம்பெனியில் வரவே இல்லை.

கடப்பேரியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே அறை. வீட்டுக்காரம்மா ஒன்பது மணிக்கு மெயின் சுவிட்சை அணைப்பாள். எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தண்ணீர் கூடச் செலவாகிறது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி குழாயோடு பேசுவாள். அப்பா அதற்கெல்லாம் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். வருத்தம், கோபம், சம்மதம் எல்லாவற்றுக்கும் அவரிடம் இருந்தது அந்த ஒரு சிரிப்புதான்.

ஸ்டாண்டில் வண்டி விட்டுக்கொண்டிருந்த குமாஸ்தா ஒருவர் முடிச்சூர்ப் பக்கம் வீடு கட்ட ஆரம்பித்து, கீழே தளம் போட்டதோடு நிறுத்திவிட்டார். அதை விற்கப் பார்ப்பதாக அப்பாவிடம் சொன்னார். அம்மாவின் நகை, அப்பா கட்டி வந்த சீட்டு, செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் அவருக்கு வந்த துண்டு நிலம் எல்லாம் அதற்குள் போயின. ஒருத்தருக்கும் பாக்கி இல்லாமல் வீடு எங்களுடையது ஆயிற்று.

வீடு என்று நாங்கள்தான் சொன்னோம். ஒரு ஹால், ஒரு சமையலறை, பின்னால் ஒரு கக்கூஸ். சுவருக்குப் பூச்சு கிடையாது. ஜன்னல் வரவேண்டிய இடங்களில் ஓட்டை இருந்தது, அம்மா அதில் கோணிப்பையை ஆணியடித்து வைத்தாள். மேலே ஏறப் படி இல்லை, மூங்கில் ஏணிதான். பால் காய்ச்சிக் குடிபோன அன்று வந்தவர்களுக்கு அம்மா பொங்கலும் சாம்பாரும் செய்தாள். அன்று பொழுது போன பிறகு, யாரும் வந்து அணைக்காத ஒரு விளக்கின் கீழே நாங்கள் மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

அந்தப் பொங்கலைச் சாப்பிட வந்தவர்களில் மாமாவும் ஒருவர். அம்மாவுக்கு அண்ணன். கொத்தனார் வேலையில் தொடங்கி மேஸ்திரி ஆனவர். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கமெல்லாம் அவர் எழுப்பிய மாடிகள் உண்டு. ஊருக்கெல்லாம் மாடி கட்டிக் கொடுத்த அவர் சிட்லபாக்கத்தில் வாடகைக்கு இருந்தார் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கை கழுவிய ஈரத்தோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். பின்னாலேயே நானும் ஏறினேன்.

மேலே நாலு மூலைத் தூண்களிலிருந்தும் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. எங்கள் பக்கத்தில் யார் வீடு கட்டினாலும் தூண் கம்பியைத் தளத்துக்கு மேல் மாரளவு விட்டுவைப்பார்கள். நாளைக்கு மாடி எடுக்கலாம் என்றுதான். பல வீடுகளில் அந்த நாளை வராமலே கம்பி துருவேறி வளைந்து கிடக்கும். அதில் துணி காயும், காக்கை உட்காரும். ஆனாலும் யாரும் அதை அறுக்கமாட்டார்கள். அறுத்தால் எங்கள் கதை இவ்வளவுதான் என்று தெருவுக்கு அறிவித்த மாதிரி ஆகிவிடும். எங்கள் தெருவில் எல்லா வீட்டுத் தலையிலும் கம்பி இருந்தது. ஓலை வேய்ந்த வீட்டுக்காரர்கூட, பின்னால் ஒரு தூண் மட்டும் எழுப்பி அதில் கம்பி விட்டிருந்தார்.

மாமா ஒரு கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு கீழே எட்டி அப்பாவைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, கம்பி சூப்பராக் கீது. கண்ண மூடிக்கினு ரெண்டு மாடி ஏத்தலாம். வுட்டன்னா துருப் புடிச்சி வீணாப் போவும்."

அப்பா தலையைச் சொறிந்து சிரித்தார்.

மாமா ஒரு செங்கல் துண்டை எடுத்துத் தளத்தில் கோடு போட ஆரம்பித்தார். இது ஹால், இது சமையல், இங்கே படி வந்து ஏறும் என்று சொல்லிக்கொண்டே போட்டார். ரயில் பக்கத்து மூலையில் ஒரு சதுரம் போட்டு, இது உனக்கு, ஜன்னலைத் திறந்தால் ரயில் தெரியும் என்றார். நான் அந்தச் சதுரத்துக்குள் போய் நின்றேன். செங்கல் கோட்டை மிதிக்காமல், வாசல் என்று அவர் விட்ட இடைவெளி வழியாகத்தான் உள்ளே போனேன்.

அன்றிலிருந்து நான் மாமா கட்சி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஏணியில் ஏறி என் அறையில் உட்காருவேன். மழை பெய்து கோடு அழிந்தால் நானே மறுபடி போடுவேன். வகுப்பில் வாயே திறக்காதவன், பக்கத்துப் பையனிடம் எங்கள் வீட்டு மாடியில் எனக்குத் தனி ரூம் என்று சொல்லிவிட்டேன். இன்னும் கட்டவில்லை என்ற சின்ன விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

மாமா வரும்போதெல்லாம் மாடிப் பேச்சுதான். பல்லாவரத்தில் அவருக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு பணம் தருவார். மாடியை வாடகைக்கு விட்டால் அந்த வாடகை வட்டியைப் பார்த்துக்கொள்ளும். மாமா கூலி வாங்காமல் கட்டிக் கொடுப்பார். அவர் சொல்லும்போது அதில் ஓட்டையே தெரியாது. என் தங்கச்சி கோணிப்பை வைத்த வீட்டில் இருக்கக் கூடாது என்று அவர் சொல்லும்போது கண் கலங்கும். அது நடிப்பு இல்லை. அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று மாமா எடுத்துக்கொண்டதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வாசலில் செங்கல் மலையாகக் கிடந்தது. லாரிக்காரர் கடைசிக் கல்லை இறக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு குவியல் மணல். அதன் மேல் தெருப் பிள்ளைகள் அப்போதே சறுக்கத் தொடங்கியிருந்தார்கள். மாமா லாரிக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் அவர் தன் பேரில் கடன் சொல்லி இறக்கியது. திங்கட்கிழமை காலையில் அப்பா பத்திரத்தை எடுத்துக்கொண்டு பல்லாவரத்துக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா வேலை முடிந்து வந்து செங்கலைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். ஒரு கல்லை எடுத்துத் தட்டிப் பார்த்தார். நல்ல கல், மணி மாதிரி சத்தம் வந்தது. திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். சனிக்கிழமையும் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அந்த இரண்டு நாளும் திருவிழா. மணலில் சுரங்கம் தோண்டினேன். எங்கள் மணல், விரும்பினால் வரலாம் என்று தெருப் பிள்ளைகளுக்கு அனுமதி கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஒரு ஆக்ஸா பிரேமும் பிளேடுகளும் வாங்கி வந்தார். ஏணியில் ஏறினார். மாடி வேலையை அப்பாவே ஆரம்பித்துவிட்டார் என்று நான் பின்னால் ஓடினேன். அவர் தெருப் பக்கத்து மூலையில் உட்கார்ந்து, கம்பியின் அடியில் பிளேடை வைத்து இழுத்தார்.

கம்பி அறுக்கிற சத்தம் காதுக்கு நல்லதல்ல. பல் கூசும். அது தெரு முழுக்கக் கேட்டது. முதலில் பிள்ளைகள் வந்தார்கள், பிறகு பெரியவர்கள். யாரோ ஒருவர் கீழேயிருந்து, கம்பியைப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கப் போறியா தலைவா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வளருகிற வீட்டை வெட்டக் கூடாது, குடும்பத்துக்கு ஆகாது என்று இன்னொருவர் சொன்னார். அப்பா நிமிரவில்லை. முதல் கம்பி சாய்ந்து தளத்தில் விழுந்தபோது கீழே பேச்சு நின்றுவிட்டது.

எதிர்வீட்டு டீச்சர் சர்ச்சுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்தார். அப்பாவிடம் மரியாதையாகப் பேசுகிற மனுஷி. பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"ஏன் சார், அது பாட்டுக்கு நிக்கட்டுமே. உங்ககிட்ட சோறா கேக்குது?"

"கேக்குது டீச்சர்," என்றார் அப்பா. "தெனமும் கேக்குது."

டீச்சருக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டிவிட்டு உள்ளே போனார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குத் தெரிந்தது, அப்பா மாடியைக் கொல்கிறார் என்பது மட்டும்தான். கீழே இறங்கி அம்மாவிடம் ஓடினேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தெரியும் என்றாள். அவ்வளவுதான்.

பிளேடுகள் உடைந்துகொண்டே இருந்தன. அப்பா புதிது மாட்டினார். மூன்று மூலை முடிந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. யாரோ சைக்கிளில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், மாமா வந்துவிட்டார். ஏணியில் அவர் ஏறின வேகத்தில் ஏணி சுவரில் இடித்துக்கொண்டது. விழுந்து கிடந்த கம்பிகளைப் பார்த்தார். வெட்டிப் போட்ட ஆட்டைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"இன்னா வேல மாப்ளே இது? பைத்தியம் கீது புடிச்சிகிச்சா?"

அப்பா எழுந்து நின்றார். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

"கல்ல எடுத்துக்கினு போயிடு மச்சான். இங்க மாடி வராது."

கடன் வாங்காமல் எவன் வீடு கட்டியிருக்கிறான் என்று மாமா கேட்டார். இந்தத் தெருவில் ஒருத்தனைக் காட்டு என்றார். நான் கெடுதலா செய்வேன், என் தங்கச்சிக்கு நான் கெடுதலா செய்வேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வாடகை வரும், வட்டி தன்னால் அடையும் என்று பழைய கணக்கை மறுபடி முதலிலிருந்து சொன்னார். கீழே தெருவே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா அவர் முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்தார். பிறகு பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

"இந்த வூட்ட நம்மகிட்ட வித்தாரே மச்சான், அவரு மொதல்ல ஸ்டாண்டுக்கு ஸ்கூட்டர்ல வருவாரு. துட்டு குடுத்தா சில்லறைய வாங்காம போவாரு. வூடு கட்ட ஆரம்பிச்சாரு, சைக்கிள்ல வந்தாரு. தளம் போட்டாரு, நடந்து வந்தாரு. என்னப் பாக்கக் கூடாதுன்னு ரோட்டுக்கு அந்தாண்ட ஓரமாப் போவாரு. எல்லாத்தையும் நான் பாத்துகினு நின்னேன். இந்தக் கம்பிய வுட்டது அவருதான்."

அப்பா காலடியில் கிடந்த ஒரு கம்பியை ஓரமாகத் தள்ளினார்.

"எனக்கு ரெண்டு ரூமு போதும். இது அவ காலர் தெச்சி சேத்த வூடு. பத்திரத்த எவன் கையிலயும் குடுக்க மாட்டேன். நீ கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

மாமாவின் முகம் சிவந்துவிட்டது. தளத்தின் ஓரத்துக்கு வந்து, கீழே வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா. நீ இன்னா சொல்ற?"

அம்மா அண்ணாந்து பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாளா, மாமாவைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. "சாப்ட்டுட்டுப் போண்ணா," என்றாள்.

மாமா சாப்பிடவில்லை. இனிமேல் இந்த வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்று தெருவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, செருப்பைக்கூட சரியாக மாட்டாமல் போனார்.

ரயில் பக்கத்து மூலைத் தூண் மட்டும் மீதி இருந்தது. என் அறையின் தூண். நான் போய் அதன் கம்பிகளைக் கட்டிக்கொண்டேன். இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடு என்று அப்பாவிடம் கெஞ்சினேன். அழுதேன் என்றே சொல்லலாம். அப்பா பிளேடை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கம்பியில் வைத்தார். ஒரு இழுப்பு இழுத்தார், நின்றுவிட்டார். மறுபடி வைத்தார், மறுபடி நின்றார். பிறகு பிரேமை மடியில் வைத்துக்கொண்டு ரயில் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். என் அழுகை வேலை செய்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

அம்மா ஏணியில் ஏறி வந்தாள். அவள் மேலே வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் கையை ஒவ்வொரு விரலாகக் கம்பியிலிருந்து பிரித்தாள். அப்பா மடியிலிருந்து பிரேமை எடுத்தாள். மெஷினில் உட்காருகிற மாதிரி நேராக உட்கார்ந்து, ஒரே சீராக இழுக்க ஆரம்பித்தாள். அவள் கையில் பிளேடு உடையவில்லை. தெருக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்கிற மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு அறுத்தாள். கடைசிக் கம்பி விழுந்ததும் பிரேமைத் தளத்தில் வைத்துவிட்டு, சோறு ஆறுகிறது, வாங்க என்றாள்.

திங்கட்கிழமை லாரி வந்து கல்லையும் மணலையும் அள்ளிக்கொண்டு போனது. அள்ளமுடியாத கொஞ்சம் மணல் எனக்கு மிஞ்சியது. அறுத்த கம்பிகளை அப்பா சைக்கிளில் வைத்துக் கட்டி வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனார். ஒரு மாதத்தில் எங்கள் ஜன்னல்களுக்குக் கிராதி வந்தது. தாம்பரத்திலேயே அவ்வளவு தடிமனான ஜன்னல் கம்பி எங்கள் வீட்டில்தான் இருந்திருக்கும். திருடனுக்கு என்ன, யானைக்கே வளையாது. கோணிப்பைகளை அம்மா துவைத்து மடித்து வைத்தாள். தெரு எங்களுக்கு மொட்டை வீடு என்று பெயர் வைத்தது. பள்ளிக்கூடத்திலும் அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. நான் மறுபடி வாயை மூடிக்கொண்டேன்.

வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்ற மாமா ஒரு வருஷம் மிதிக்கவில்லை. பிறகு சிட்லபாக்கத்து வீட்டுக்காரர் திடீரென்று காலி பண்ணச் சொல்லிவிட, பெட்டி படுக்கையோடு குடும்பமாக வந்து எங்கள் ஹாலில் மூன்று மாதம் இருந்தார். சும்மா இருக்கப் பிடிக்காமல் சுவர் முழுக்கப் பூச்சு வேலை செய்து கொடுத்தார். அந்தப் பூச்சு இன்னும் விரிசல் விடவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, மேலே ஒரு ரூம் இருந்திருந்தால் இப்போது வசதியாக இருந்திருக்கும் மாப்ளே என்றார். அப்பா தலையைச் சொறிந்து சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். நெருக்கியடித்துக்கொண்டு படுத்தோமே தவிர, எங்களை எழுப்பி வெளியே போ என்று சொல்ல ஊரில் ஒருத்தருக்கும் உரிமை இல்லை.

அப்பா இறந்து சில வருஷம் கழித்து, ஒரு பில்டர் வந்து நான் வேண்டாம் என்று அனுப்பிய ஒரு நாளில், அம்மா அவளாகவே சொன்னாள். மாமா கோடு போடுவதற்கு முன்னாலேயே, வீடு பார்க்கப் போன முதல் நாளே, அப்பா அவளை ஏணியில் ஏறச் சொன்னாராம். அவள் பயந்து ஏறவில்லை. அதனால் அவர் மட்டும் மேலே நின்று, ரயில் பக்கத்து மூலையைக் காட்டி, இங்கே உனக்கு ஒரு ரூம் போட்டு மெஷின் வாங்கிப் போடுகிறேன், முழுச் சட்டையாகத் தைக்கலாம் என்று கீழே பார்த்துச் சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

கம்பி அறுத்த அன்று சாயங்காலம் அப்பாவின் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் தீரவில்லை. வேண்டுமென்றே தள்ளி நின்று கேட்டேன்.

"உனக்கு மாடியே பிடிக்காதாப்பா?"

"பிடிக்காது," என்றார் அப்பா.

சத்தமாகத்தான் சொன்னார், எதிர்வீட்டுக்கே கேட்டிருக்கும். அம்மா தலை நிமிராமல் எண்ணெய் தடவினாள். அப்பா பொய் சொல்ல மாட்டார் என்று நான் நம்பிக்கொண்டிருந்த வயது அது. மாடி பிடிக்காத அப்பா எனக்கு மட்டும் ஏன் வாய்த்தார் என்று நினைத்துக்கொண்டு, மணலில் விளையாடப் போனேன்.